அரக்குச் சிவப்பு வண்டியும் என் இடது தோளும்

சேவூர், ஆரணி.
ஞாயிற்றுக்கிழமை.

கலசப்பாக்கத்தில் வீற்றிருக்கும் மரியாதைக்குரிய மூத்த மைத்துனர் சின்னதுரை அவர்களுக்கு, தங்கள் தங்கை கற்பகத்தின் கணவன் திருமலை மிகுந்த பணிவோடு எழுதிக்கொள்வது. அங்கே தாங்களும் அக்காவும் மகனும் மருமகள் துர்காவும் கறவை மாடும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே நானும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் புதன்கிழமையிலிருந்து காலையும் உப்புமா, ராத்திரியும் உப்புமா, அதையும் தானே கிண்டித் தின்கிற மனுஷனுக்கு என்ன சௌக்கியம் இருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள்.

போன் இருக்கிற காலத்தில் இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைக்க வேண்டாம். போன் அடித்தால் நீங்கள் எடுத்து, "கற்பகம் இங்க இல்லியே மாப்ள" என்கிறீர்கள். பக்கத்திலேயே, "கோயிலுக்குப் போயிருக்கான்னு சொல்லுண்ணா" என்று அவள் குரல் கணீரென்று கேட்கிறது. அதனால்தான் கடிதம். இதை அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாலும் நிறுத்தாதீர்கள். கதவுக்குப் பின்னால் நின்றுகினு கேட்பாள், எனக்குத் தெரியும்.

"என்னை நடுரோட்டுல வுட்டுட்டு வண்டிய எடுத்துகினு போய்ட்டாரு" என்று சொல்லியிருப்பாள். உண்மைதான் மச்சான். ஆனால் அந்த உண்மை எப்படி உண்டாயிற்று என்பதை நீங்கள் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

என் பழைய பைக்கை உங்களுக்குத் தெரியும். அதன் சத்தத்துக்கு உங்கள் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துகினு ஓடியிருக்கிறது. போன மாசம் நெய்த புடவைகளை ஆரணி கடைக்குக் கொண்டுபோகும்போது பாதி வழியில் நின்றது, நின்றதுதான். மெக்கானிக், "இதப் போய் இன்னும் பேஜார் பண்ணாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டான். சரி, புதுசு வாங்கலாம் என்று முடிவானது. கற்பகம் கேட்டது ரொம்பக் கொஞ்சம். "எனக்கு ஏற வரணும், எறங்க வரணும், பொடவ சக்கரத்துல மாட்டக் கூடாது. மத்ததெல்லாம் உங்க இஷ்டம்." நானும் தலையை ஆட்டிவிட்டுத்தான் போனேன். ஷோரூமில் அதைப் பார்க்கிற வரைக்கும் தலை என்னிடம்தான் இருந்தது.

அரக்குச் சிவப்பு, மச்சான்! ஓரமாக ஜரிகை ஓடின மாதிரி ஒரு பொன்கோடு. பிறந்ததிலிருந்து பட்டுப்புடவையே பார்த்த கண் என்ன செய்யும்? "தம்பி, இத வெளிய உருட்டுப்பா, வெயில்ல கலரு பாக்கணும்" என்றேன். விற்கிற பையன் வின்சென்ட் பாவம், உருட்டினான். கடைக்காரர் நம் புடவையைப் பார்ப்பாரே, அதே மாதிரி குனிந்து பார்த்தேன், சாய்ந்து பார்த்தேன், விரலால் தடவிப் பார்த்தேன், கண்ணாடியைப் போட்டுகினு பொன்கோட்டில் எங்கேயாவது இழை விட்டிருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு பழுது இல்லை. அங்கேயே புக் பண்ணிவிட்டேன். ஏறி மட்டும் உட்காரவில்லை. புடவை வாங்குகிற ஆம்பள எவன் கட்டிப் பார்த்து வாங்குகிறான்?

புதன்கிழமை வின்சென்ட் கூப்பிட்டு, "ஆன்ட்டியையும் இட்டுகினு வாங்க அங்கிள், வீடு வரைக்கும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க" என்றான். போனோம். என் உயரம் உங்களுக்குத் தெரியாததல்ல, கல்யாணத்தில் மாலை மாற்றும்போது குனிந்தது உங்கள் தங்கைதான். உட்கார்ந்தேன். ஒரு கால் தரையில் பட்டால் இன்னொரு கால் அந்தரத்தில். பின்சீட்டு சீட்டாகவா இருந்தது, மாடியாக இருந்தது. வின்சென்ட் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட, அவள் அதன்மேல் ஏறி, அங்கிருந்து வண்டிமேல் ஒருபக்கமாக உட்கார்ந்தாள். "ஊரே தெரியுதுங்க. நீங்கதான் தெரியல" என்றாள். புடவை மாட்டாமல் இருக்கத் தடுப்பு எங்கே என்று கேட்டாள். "இது ஸ்போர்ட்ஸ் மாடலு ஆன்ட்டி, சாரி கார்டு வெச்சா லுக்கே போய்டும்" என்றான் அவன். பழக்கத்தில் என் தோளைப் பிடிக்கக் கையை நீட்டினாள். எட்டியது ஹெல்மெட்தான். அதைப் பிடித்தாள், அது திரும்பிகிச்சு. வண்டி நேராகப் போகுது, என் மூஞ்சி மட்டும் பக்கத்து வயலைப் பார்க்குது. "பின்னால கம்பி இருக்குது பாரு, அதப் புடிச்சிகினு உக்காரு" என்றேன். அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது.

ஏனென்றால், கல்யாணமான நாள் முதலாக அவள் கை என் இடது தோளில்தான் இருக்கும். என் சட்டை எதை எடுத்துப் பார்த்தாலும் முதலில் நைந்திருப்பது அந்த இடம்தான். லேசாக அழுத்தினால் முன்னால் ஸ்பீட் பிரேக்கர். தட்டினால் பூக்காரம்மா, நிறுத்தணும். கிள்ளினால் எதிரே வருகிறவரிடம் நான் வாய் கொடுக்கக் கூடாது. கை சும்மா கிடந்தால் மனசு சரியாக இருக்கிறது என்று அர்த்தம். நான் ஓட்டினேன் என்று பெயர்தானே தவிர, வண்டி ஓடினது அந்தக் கையால்தான். அன்றைக்குக் கை கம்பிக்குப் போய்விட்டது. எனக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரிய வழியே இல்லாமல் போயிற்று.

சேவூர் வருகிற வழியில் நெல் ஏற்றின டிராக்டர் ஒன்று குறுக்கே திரும்பியது. நின்றேன். அந்த நேரம் பார்த்து முந்தானை சக்கரத்துப் பக்கம் போயிருக்கிறது. அவள் குதித்து இறங்கி அதை இழுத்திருக்கிறாள், "நில்லுங்க" என்று கத்தியும் இருக்கிறாள். ஹெல்மெட்டுக்குள் எனக்குக் கேட்டது டிராக்டர் மட்டும்தான். வழி கிடைத்ததும் கிளம்பினேன். வண்டி சும்மா ஜல்தியாகப் பாய்ந்தது. ஆகா, என்னா பிக்கப்பு என்று அசந்துபோனேன் மச்சான்! வழியெல்லாம் பேசிகினே போனேன். "உங்க அண்ணன் வீட்டு வாசல்ல இந்த வண்டியில போய் எறங்கினா எப்படி இருக்கும்" என்றேன். ஒரு எதிர்ப்பேச்சு இல்லை. என் கல்யாண வாழ்க்கையில் நான் பேசி முடிக்கும்வரை ஒரு எதிர்ப்பேச்சும் வராதது அன்றைக்குத்தான், அப்போதாவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வீட்டு வாசலில் நிறுத்தி, "மெதுவா எறங்கு, கையப் புடிச்சிக்கோ" என்று கையைப் பின்னால் நீட்டினேன். யாரும் பிடிக்கவில்லை. எதிர்வீட்டு கெங்கம்மாள் தண்ணீர்க்குடத்தோடு நின்று, "யாருக்குயா கைய நீட்டிகினு இருக்க?" என்று கேட்டாள். திரும்பிப் பார்த்தேன். மச்சான், வெறும் சீட்டு. விழுந்துவிட்டாளோ என்று நினைத்த அந்த நிமிஷம் என் விரோதிக்கும் வரக் கூடாது. திருப்பிகினு பறந்தேன். எதிரே டவுன் பஸ். ஜன்னலோரம் உங்கள் தங்கை. கையை ஆட்டினேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிகினாள். அப்படியே உங்கள் ஊர் வந்து சேர்ந்துவிட்டாள். முகத்தைத் திருப்பிகினால் என்ன, ஆள் முழுசாக இருக்கிறாளே என்று ரோட்டோரம் நின்று அழுதேன். இதைப் படிக்கும்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள்.

ஆகவே தாங்கள் தயவு செய்து அவளை அனுப்பி வைக்க வேண்டும். அரக்குச் சிவப்பு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். இனி எந்த வண்டியானாலும் முதலில் அவள் உட்காரட்டும், அப்புறம் நான். அவள் கை என் தோளில் வந்து விழுகிறதா என்று பார்ப்பேன். விழுந்தால் அது சாணி நிறத்தில் இருந்தாலும் அதுதான் வண்டி. அக்காவுக்கு என் வணக்கம், மருமகளுக்கு என் ஆசி. உங்கள் வீட்டில் எல்லாரும் நோய்நொடி இல்லாமல், மனைவி கையால் சாப்பிட்டுக்கொண்டு நீடூழி வாழ்க.

தங்கள் அன்பு மாப்பிள்ளை,
திருமலை.

பின்குறிப்பு (இரண்டு மாசம் கழித்து எழுதுவது): அன்றைக்கு இதை ஒட்டித் தபாலில் போடக் கிளம்பினால் வாசலில் கற்பகம் நிற்கிறாள். கடிதத்தைப் பிடுங்கிப் படித்தாள், மூக்கை உறிஞ்சினாள், "எல்லாம் சரி, உப்புமாவ இப்படியா தீய வெப்பீங்க?" என்றாள். அப்புறம்தான் தெரிந்தது. கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று உங்களைச் சொல்ல வைத்துவிட்டு, அவள் தினமும் துர்காவின் ஸ்கூட்டரை ஓட்டப் பழகிகினு இருந்திருக்கிறாள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே மச்சான் நீங்கள்! இப்போது லைசென்ஸ், வண்டி எல்லாம் வந்தாகிவிட்டது. ஸ்கூட்டர்தான். அரக்குச் சிவப்புதான், அவளே கேட்டு எடுத்தாள். புடவை மூட்டை முன்னால், அவள் நடுவில், நான் பின்னால், என் கை அவள் தோளில். நேற்று ஸ்பீட் பிரேக்கருக்கு அழுத்தினேன், பூக்காரம்மாவுக்குத் தட்டினேன். "கைய எடுங்க, தோளு கழண்டுடும் போல" என்றாள். எடுத்துவிட்டேன். டிராக்டர் திரும்பின அதே இடம் வந்தது. வேகத்தைக் குறைத்து, "ஏங்க, இருக்கீங்களா?" என்று கேட்டாள். மறுபடியும் வைத்துக்கொண்டேன்.