நாலு வயதுப் பெரியவர்

சைக்கிள் கடை மாடியில் பெரியவர் இறங்கியிருக்கிறார் என்று செய்தி பரவிய வாரத்தில், படிக்கட்டின் கைப்பிடியே ஆட்டம் கண்டுவிட்டது. அவ்வளவு கூட்டம். பெரியவருக்கு வயது நாலு. பூப்போட்ட கவுன், முகமெல்லாம் பரு, கட்டைக்குரல், மேலுதட்டில் அரும்பு மீசை.

எப்போதோ செத்துப்போன ஒரு ஞானி அந்தப் பெண்குழந்தைக்குள் புகுந்துவிட்டார் என்று அறிவித்தவர் 'விளக்கம்' ஐயா. பெரியவர் ஆமா, இல்லை என்று மட்டும் சொல்வார். மீதியை இவர் விளக்குவார். அதனால் அந்தப் பெயர். போன வருடம்வரை வழுக்கைக்கு எண்ணெய் விற்றவர். அவர் பார்வையில் முடி வளர்ந்தது இதுதான் முதல் தடவை.

பெற்ற அப்பாவே மகளை "வாங்க ஐயா" என்று கூப்பிட்டார். அம்மா மட்டும் ஒருநாள் ஆஸ்பத்திரி என்று மெல்ல இழுத்தாள். ஊசி பட்டால் பெரியவர் போகும்போது குழந்தையையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்றார் விளக்கம். அதன்பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. குழந்தையோ தலைவலி என்று சிணுங்கிக்கொண்டே இருந்தது. ஞானிக்குத் தலைவலி வருமா என்று எனக்கும் தோன்றியது. ஆனால் எனக்கு எதில்தான் சந்தேகம் இல்லை? மாலை வகுப்புத் தேர்வில் தேறுவேனா என்று கேட்க நானும்தான் வரிசையில் நின்றேன்.

எனக்கு முன்னால் நின்றவள் குழந்தையின் சித்தி. வெளியூரில் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலையில் வந்திறங்கி, குழந்தையைப் பார்த்ததும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றிருக்கிறாள். அப்பா முடியாது என்றதும், வரிசையில் வந்து சேர்ந்துகொண்டாள்.

அவள் முறை வந்தது. விளக்கம் நாற்காலிக்குப் பின்னால் நின்றார், ஒரு கை குழந்தையின் முதுகில்.

"பெரியவர் முன்னாடி நாங்க எல்லாரும் கையக் கட்டிக்கிட்டுத்தான் நிக்கிறோம். நீங்களும் கட்டிக்குங்க ஐயா, அதானே மரியாதை" என்றாள் சித்தி அவரிடம்.

கூட்டம் தலையாட்டியது. பக்தியில் பின்தங்க முடியுமா? விளக்கம் கையைக் கட்டிக்கொண்டார்.

"பெரியவரே, எனக்கு வேலை மாற்றல் கிடைக்குமா?" என்று கேட்டாள்.

 குழந்தை பின்னால் திரும்பி, அந்தக் கட்டைக்குரலில் கேட்டது: "மாமா, நீங்க முதுகுல தட்டவே இல்லையே. ஆமான்னு சொல்லவா, இல்லன்னு சொல்லவா?"

ஒரு தட்டு ஆமா, இரண்டு தட்டு இல்லை. ஞானம் மொத்தமும் அவ்வளவுதான். மளிகைக்கடைக்காரர், தன் மகளுக்கு வந்த நல்ல வரனைத் தட்டிவிட்டது யார் கை என்று விசாரிக்க ஆரம்பித்தார். பெரியவர் கோபித்துக்கொண்டார் என்று விளக்கம் ஏதோ விளக்கிப் பார்த்தார். அதற்குள் அப்பா, "வாடி கண்ணு" என்று மகளைத் தூக்கிக்கொண்டு பாதிப் படி இறங்கியிருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகத்தின் மேல் குல்லா போல உட்கார்ந்திருக்கும் சுரப்பியில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி. ஆண்களுக்கு மீசை வளர்க்கும் ஹார்மோனை அது கணக்கில்லாமல் சுரந்துகொண்டிருந்தது. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் நுரையீரலுக்குப் பரவியிருக்கலாம் என்றார் டாக்டர். அறுத்து எடுத்தார்கள். குரல் முழுதாகத் திரும்பாமல் போகலாம். சில வருடங்கள் கண்காணிக்க வேண்டும். குழந்தை பிழைத்துக்கொண்டது.

பெரியவர் எங்கே போனார் என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில், ஒரு கண்ணாடிப் புட்டிக்குள் இருக்கிறார். கும்பிட ஆசைப்படுகிறவர்கள் அங்கே போகலாம். மற்றவர்கள், பிள்ளையின் உடம்பு மாறினால் யார் இறங்கியிருக்கிறார் என்று தேடாமல், ஏன் மாறியது என்று கேளுங்கள்.