அப்பாவுக்குச் சிவப்பு ஐசி கொடுத்த கவிஞர்

ஒலிவாங்கிக் கவிஞர் என்று ஓர் இனம் உண்டு. காகிதத்தில் எழுதி, பத்திரிகைக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் தலைவலித் தைலம் தேடுகிற பழைய கவிஞர்களோடு இவரைச் சேர்த்துவிடாதீர்கள். இவர் நின்றுகொண்டு சொல்பவர். உட்கார ஒரு முக்காலி போட்டிருப்பார்கள். அதில் தண்ணீர்ப் போத்தலை வைப்பார். ஒலிவாங்கியைத் தாங்கியிலிருந்து கழற்றுவார், வயரைக் கையில் சுற்றிக்கொள்வார், கடைசி வரிசைக்கு மேலே சுவரில் ஒரு பல்லியைப் பார்ப்பதுபோலப் பார்த்து, "இது கொஞ்சம் பர்சனல்" என்பார். அதற்குப் பிறகு அவர் சொல்லப்போவது ஏற்கெனவே பல மேடைகளில் சொன்னதுதான்.

கவிதைக்கு ஓர் அமைப்பு உண்டு. முதலில் சிரிக்கவைக்க வேண்டும். அம்மாவின் ஆங்கிலம், மாமாக் கடைக் கோப்பி, பெண் பார்க்கப் போன இடத்தில் நடந்தது, எது கிடைக்கிறதோ அது. சிரித்தவர்கள் மூச்சு வாங்கும்போது அரசியலை உள்ளே விட வேண்டும். அரசியலுக்கு எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருக்கும்போது யாராவது சாக வேண்டும். யார் சாவது என்பதில்தான் கவிஞருக்குக் கவிஞர் வேறுபாடு.

பினாங்கில், டத்தோ கிராமாட் பக்கம் அடுக்குமாடி வீடொன்றில் அப்பா அம்மாவுடன் இருந்த கோகுலன் இந்த இனத்தில் தேறிய ஒருவர். வார நாளில் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவு. ஞாயிறு மாலையில் சூலியா தெருவுக்குப் பின்னால், பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் ஃபரா என்ற பெண் நடத்தும் கோப்பிக் கடையில் கவிதை. ஆங்கிலம் பாதி, தமிழும் மலாயும் மீதி. வாடகை அறை கேட்டுத் தொலைபேசியில் அழைத்து, பெயரைச் சொன்னதும் அந்த அறை அதே வினாடியில் வேறு யாருக்கோ போய்விடுகிற கதையை அவர் சொன்னால், தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் சேர்ந்து சிரிப்பார்கள். சிரித்தபின் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கோப்பி குடிப்பார்கள். நல்ல கவிதைதான். ஆனால் அதில் யாரும் சாகவில்லை.

இது கோகுலனுக்குப் பெருங்குறை. அவருடைய நண்பர் அஃபிக், கடலுக்குப் போய்த் திரும்பாத தன் அண்ணனைப் பற்றிச் சொன்னால் கூடமே உறைந்துபோகும். கோகுலன் ஒரு பூனையை வைத்து முயன்றுபார்த்தார். கூட்டம் "ஐயோ பாவம்" என்றது. பூனைக்கு அது போதும். கவிஞருக்குப் போதாது.

அப்படியிருக்கையில் அப்பா இறந்துபோனார்.

பிச்சைமுத்து துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு பிற்பகலில், தொலைக்காட்சியில் மல்யுத்தம் பார்த்துக்கொண்டு நாற்காலியில் இருந்தபடியே போய்விட்டார். கோகுலனுக்கு அப்பாவிடம் பாசம் உண்டு, அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் பத்து காந்தோங் மின்சுடலையில் அவர் அழவில்லை. "ஒரே பையன், அடக்கிக்கிறான்" என்று உறவினர்கள் பேசிக்கொண்டார்கள். அவர் எதையும் அடக்கவில்லை. அவருக்கு அழுகை வரவில்லை, வரிகள் வந்தன. பெட்டி உள்ளே நகர்ந்தபோது, "எத்தனையோ பெட்டிகளை இறக்கியவர், கடைசிப் பெட்டியில் தானே ஏறினார்" என்று ஒன்று வந்தது. அது வந்ததற்காக வெட்கப்பட்டார். அதைவிட அதிகமாக, வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிடுமோ என்று பயந்தார்.

மறக்கவில்லை. மல்யுத்தம் சிரிப்புக்கு ஆயிற்று. சாவு இருந்தது. நடுவில் அரசியலுக்குத்தான் ஆள் இல்லை. பிச்சைமுத்து அரசாங்கத்தோடு எந்த வம்பும் இல்லாத மனிதர். கோகுலன் யோசித்தார். இந்த நாட்டில் குடிமக்களின் அடையாள அட்டை, அதாவது ஐசி, நீல நிறம். இங்கேயே பிறந்து வளர்ந்தும் பிறப்புப் பத்திரம் சரியில்லாமல் குடியுரிமை கிடைக்காதவர்கள் பலரிடம் இருப்பது சிவப்பு. அப்படி எத்தனையோ அப்பாக்கள் வாய் திறக்காமல் இருக்கிறார்கள். தன் அப்பாவோ இனிமேல் வாய் திறக்கப்போவதில்லை. எனவே அவரை அவர்களுக்காகப் பேசவைத்தால் என்ன?

அப்பாவுக்குச் சிவப்பு ஐசி கிடைத்தது. எந்த இலாகாவிலும் இவ்வளவு சீக்கிரம் வேலை நடந்ததில்லை.

"என் அப்பா இந்த நாட்டில் எழுபது வருடம் இருந்தார். நாடு அவரை விருந்தாளி என்றது. விருந்தாளி கையில் யாராவது கிரேனைக் கொடுப்பார்களா?" என்று கோகுலன் கேட்டபோது கூட்டம் சிரித்தது. "செத்தபிறகுதான் அவருக்கு இங்கே இடம் கிடைத்தது. அதுவும் கடலில், சாம்பலாக" என்றபோது முன்வரிசையில் ஒரு பெண் கண்ணாடியைக் கழற்றினார். அஃபிக் எழுந்து நின்று கைதட்டினார். ஃபரா எடுத்த வீடியோ இரண்டொரு நாளில் தீவைச் சுற்றிவிட்டுப் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கமும் போனது.

அந்தப் பக்கம் கெப்பாலா பத்தாஸில் அத்தை குமுதா இருந்தார். அப்பாவின் சொந்தத் தங்கை. கோகுலனை அழைத்தார்.

"தம்பி, அண்ணனுக்குச் சிவப்பு ஐசியா? அப்போ எனக்கு?"

"இல்லத்தே, அது கவிதை."

"என்னோடத எடுத்துப் பாத்தேன். நீலமாத்தான் இருக்கு. இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு."

அம்மா புஷ்பவள்ளி வீடியோவைப் பார்த்தாரா என்று கோகுலனுக்குத் தெரியவில்லை. அவர் கேட்கவில்லை. காலையில் அம்மா பசியாறச் சொன்னார், கோகுலன் பசியாறினார்.

சனிக்கிழமை காலை வீட்டு வாசலில் ஒரு பழக்கூடை வந்து நின்றது. அதன் பின்னால் சுகுமாரன் நின்றார். வட்டாரத்துச் சட்டமன்ற உறுப்பினரின், அங்கே எல்லாரும் சொல்வதுபோல் ஒய்பியின், உதவியாளர். அவருக்குப் பின்னால் கேமராவுடன் ஷாருல். அம்மா எல்லாருக்கும் கோப்பி கலக்கினார்.

"அம்மா, ஒய்பி அந்த வீடியோவப் பாத்துட்டு ராத்திரி தூங்கவே இல்ல" என்றார் சுகுமாரன்.

"ஏன், உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா. ரொம்ப ஃபீல் பண்றார். ஐயாவுக்குக் கெடைக்காதது உங்களுக்காச்சும் கெடைக்கணும்னு சொல்றார். உங்க சிவப்பு ஐசியக் கொஞ்சம் காட்டினீங்கன்னா ஒரு படம் எடுத்துக்கிட்டு, மனுவ நாங்களே போட்டுருவோம்."

கோகுலன் குறுக்கே வந்தார். "அது வந்துண்ணே, கவிதையில அது ஒரு குறியீடு."

"குறியீடுன்னா?"

"அதுல வர்றவர் ஒரு அப்பா இல்ல. எல்லா அப்பாவும் அவர்தான்."

"ஓ" என்றார் சுகுமாரன். கோப்பியை ஒரு மிடறு குடித்தார். "அப்போ உங்கப்பா?"

கோகுலன் தண்ணீர்ப் போத்தலைத் தேடினார். வீட்டில் முக்காலி இல்லை.

"அவர்கிட்ட நீலந்தான் இருந்துச்சு" என்றார் அம்மா. "என்கிட்டயும் நீலந்தான். எடுத்துட்டு வரவா?"

ஷாருலுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கேமராவை இறக்கினார்.

சுகுமாரன் பழக்கூடையைப் பார்த்தார். திரும்ப எடுத்துக்கொண்டு போகலாமா கூடாதா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கையில் அம்மா பேசினார். "வந்தது வந்துட்டீங்க தம்பி. மேல் மாடியில ரமணி இருக்கா. அவகிட்டதான் சிவப்பு இருக்கு. அவளுக்குப் போடுங்களேன் மனு."

ரமணியைக் கோகுலனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைப்பவர். கோகுலன் தினமும் அவரைப் படியில் பார்த்து "பசியாறியாச்சா ஆண்ட்டி?" என்று கேட்டுவிட்டு இறங்குவார். சிவப்பு ஐசிக்காரர்களின் வலி முழுவதையும் மேடையில் சுமந்த கவிஞருக்கு, தலைக்கு மேலே ஒன்று குடியிருப்பது தெரியாது.

ரமணி நைட்டியின்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கிவந்தார். கேமராவைப் பார்த்ததும் திரும்பிப் போய்ச் சேலை கட்டிக்கொண்டு வந்தார். பிறந்தது ஒரு தோட்டத்தில், யாரும் பதியவில்லை, இதற்கு முன்னும் மனுப் போட்டது உண்டு, வந்த பதிலில் காரணம் எழுதியிருக்கவில்லை. இவ்வளவையும் மீன் விலை சொல்வதுபோலச் சொன்னார்.

"அக்கா, உங்க வேதனைய அந்தக் கேமராவப் பாத்துச் சொல்லுங்க" என்றார் சுகுமாரன்.

"என்ன வேதனை? பேங்க்குக்குப் போனா நிறைய கேள்வி கேப்பாங்க. ஓட்டு நாள்ல இவங்கல்லாம் வெரல்ல மையோட படியேறி வருவாங்க. நான் கதவத் தெறந்து பாத்துட்டுச் சாத்திக்குவேன். அவ்வளவுதான்லா."

"கொஞ்சம் கண்ணு கலங்கினா நல்லா இருக்கும்க்கா."

"எதுக்கு? வெங்காயமா உரிக்கிறேன்?"

விரலில் மை என்றதும் கோகுலனின் கை அதைக் குறித்துக்கொள்ளத் தானாகச் சட்டைப்பைக்கு, கைபேசிக்குப் போனது. அம்மா அந்தக் கையைப் பார்த்தார். கை திரும்பி வந்தது.

சுகுமாரனுக்கு வீடியோ சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் சொன்ன வாக்குக்கு மனுப் போட்டார். சாட்சியாக அம்மா கூடப் போனார். அது இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறதாம். நகர்கிற சத்தம் ரமணிக்குக் கேட்கவில்லை.

அன்று அவர்கள் போனபின் அம்மா கோப்பைகளைக் கழுவ, கோகுலன் துடைத்தார்.

"வீடியோவப் பாத்தீங்களாம்மா?"

"குமுதா அனுப்புனா. பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?" கேட்டிருக்கக் கூடாது. கேட்காமலிருக்க இந்த இனத்தால் முடியாது.

"கொரல் நல்லா இருந்துச்சு. ஆனா அது யாருடா?"

கோகுலன் கோப்பையைத் துடைத்தார்.

"ஓட்டுப் போடற அன்னிக்கு உங்கப்பா முடி வெட்டிக்கிட்டு, சட்டைய அயர்ன் பண்ணிப் போட்டுக்கிட்டுப் போவார். கல்யாணத்துக்குக்கூட அப்படிப் போனதில்ல. அதைப் போயி எடுத்துட்டியே அவர்கிட்டேர்ந்து." அம்மா குழாயை மூடினார். "அப்புறம், மல்யுத்தம் பாத்துக்கிட்டே போனார்னு சொல்றே. மல்யுத்தம் முடிஞ்சிருச்சு. வெளம்பரம் ஓடிக்கிட்டிருந்துச்சு, ஏதோ துணி துவைக்கிற சவுக்காரம். 'இத வாங்காதே, கை அரிக்குது'ன்னார். சரின்னேன். திரும்பிப் பாத்தா இல்ல."

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. கோகுலன் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறியது. கையில் இருந்த ஈரக் கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை; அம்மா வாங்கி வைத்தார். அப்பா போன நாளிலிருந்து வராதது அப்போது வந்தது. மூக்கு ஒழுக, எந்த அழகும் இல்லாமல், நெடுநேரம் வந்தது. அம்மா முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றார். அவரும் அழுதார். யாரும் கைதட்டவில்லை.

மறுநாள் ஞாயிறு. உண்மையைச் சொல்லிவிடுவது என்று கோகுலன் மேடையேறினார். முக்காலியைத் தொடவில்லை, பல்லியைப் பார்க்கவில்லை.

"என் அப்பாவுக்கு நீல ஐசிதான். நான் போன தடவை சொன்னது பொய்."

கூட்டம் சிரித்தது.

"நிஜமாகவே பொய்."

இன்னும் பலமாகச் சிரித்தது. அவர் தடுமாறினார். தடுமாறியதற்கும் சிரித்தார்கள். ஒலிவாங்கி கையில் இருக்கும்போது உண்மையை எந்தக் குரலில் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல், சொல்ல நினைத்திராத அந்தச் சவுக்காரத்தைச் சொன்னார். கூடம் உறைந்தது. ரமணியின் மை படாத விரலைப் பற்றி நாக்கு நுனிவரை வந்தது; அவரிடம் கேட்கவில்லையே என்று நிறுத்திக்கொண்டு இறங்கிவிட்டார். அந்த இடத்தில் முடித்தது அபாரம் என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

அஃபிக் கட்டிப்பிடித்தார். "பொய்னு சொல்ற அந்த இடம் பவர்லா, ப்ரோ. எவ்வளவு நாளா எழுதினே?"

"எழுதல. நேத்து நடந்தது."

"அதுவும் நல்லா இருக்கு" என்றார் அஃபிக்.

கோகுலன் இப்போதும் ஞாயிறுதோறும் போகிறார். பாதி நாள் கீழே உட்கார்ந்து பிறர் சொல்வதைக் கேட்கிறார், பாதி நாள் மேடையேறுகிறார். அப்பாவைப் பற்றிக் கேட்டால் அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்கிறார். அதற்கும் சிரிக்கிறார்கள்.

நீங்கள் இதைப் படித்து நிதானமாகத் தலையாட்டுகிறீர்கள். உங்களுக்கு மேடை இல்லை, கவிதை ஆகாது, சொந்தச் சோகத்தை ஊரில் விற்கிற பழக்கமும் இல்லை. நல்லது. ஆனால் உங்கள் வீட்டில் ஒருவர் தவறியபோது, எப்படி நடந்தது என்று வந்தவர்களுக்கெல்லாம் நீங்கள்தானே சொன்னீர்கள்? முதலில் வந்தவரிடம் தட்டுத்தடுமாறிச் சொல்லியிருப்பீர்கள். அடுத்தடுத்து வந்தவர்களிடம் கொஞ்சம் கோவையாக. கடைசியில் வந்த தூரத்துச் சொந்தத்திடம் சொல்லும்போது, அவர் எந்த இடத்தில் "ஐயோ" என்பார் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்குச் சற்று முன்னால் ஒரு மூச்சு நிறுத்தினீர்களா, இல்லையா?

பதில் சொல்ல வேண்டாம். அவர் "ஐயோ" என்றாரா, அதை மட்டும் சொல்லுங்கள்.