சவுனாவுக்குள் முடிவான மேஸ்திரி வேலை

அன்புள்ள தங்கை ராயிலிக்கு ஹில்க்கா அக்கா எழுதுவது. நீயும் உன் ஸ்வீடன்காரரும் குளிரில் விறைத்துப் போகாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமாக, இன்னும் கொஞ்சம் குண்டாக இருக்கிறேன்.

இங்கே நடந்த கூத்தைக் கேள். எங்கள் ஒட்டுப்பலகை ஆலையில் மேஸ்திரி வேலை காலியானதல்லவா? பழைய மேஸ்திரிக் கிழவர் முதுகுவலி என்று படுத்ததிலிருந்து அந்த வேலையை நான்தான் பார்க்கிறேன், சம்பளம் மட்டும் பழையது. வியாழக்கிழமை கூட்டம். மேலாளர் வூரெலா என்னைப் புகழ்ந்த புகழ்ச்சியில், யாரைச் சொல்கிறார் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. "முடிவு அப்புறம்" என்றார். அப்புறம் ஆண்கள் எல்லாரும் துண்டும் பீருமாக ஆலைச் சவுனாவின் வெந்நீராவிக்குள் போய் வியர்க்க உட்கார்ந்தார்கள். வெந்த நண்டு மாதிரி சிவந்து வெளியே வந்தபோது, போன கோடையில் சேர்ந்த ஆர்த்து மேஸ்திரி ஆகியிருந்தான்.

"எப்போ முடிவு பண்ணீங்க?" என்று வூரெலாவைக் கேட்டேன்.

"உள்ள சும்மா பேசிக்கிட்டிருந்தோம் ஹில்க்கா, பேச்சுவாக்குல ஆயிடுச்சு."

"என்னையும் கூப்பிட்டிருக்கலாமே?"

"ஐயய்யோ, அம்மணமா இருந்தோம்!"

"அதுக்கென்ன, கண்ணாடியக் கழட்டிட்டு வந்திருப்பேன். பாக்கறதுக்கு அங்க பெருசா என்ன இருந்திருக்கப் போகுது?"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வூரெலா முகம் இன்னும் சிவந்தது. "இந்த வாய்தான் உங்களுக்கு எதிரி. மேஸ்திரின்னா ஒரு கெத்து வேணும். நீங்க அவனுக்கு வேலையச் சொல்லிக் கொடுங்க, போதும்."

"வாசல் எந்தப் பக்கம்னு சொல்லிக் கொடுக்கறேன், பாத்துக்கோங்க" என்று சொல்லி, போகிற வழியில் கையுறைகளை அவர் மேஜையில் போட்டுவிட்டு வேலையை விட்டே வந்துவிட்டேன்.

ஆகவே அடுத்த வாரம் சனிக்கிழமைக் கப்பலில் வருகிறேன். உன் மீன் ஆலையில் எனக்கொரு இடம் பிடித்து வை. சோபாவில் படுத்துக்கொள்வேன், குறட்டைக்கு இப்போதே மன்னிப்பு. உன் வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம், உன் வீட்டுக்காரருக்கு ஒரு செல்லக் குட்டு.

அக்கா ஹில்க்கா

பி.கு. சோபா வேண்டாம், நான் வரவில்லை. இன்று காலை இயந்திரத்தில் மரத்தகடு சிக்கியிருக்கிறது. நான் இருந்தால் இயந்திரத்தை நிறுத்தாமல் ஒருத்தியையும் கிட்டே விடமாட்டேன். ஆர்த்து, "சீக்கிரம் எடு" என்று கத்தியிருக்கிறான். எங்களில் சின்னவள் ஐலாவுக்கு வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. வூரெலா போன் செய்து, "நீங்க பாட்டுக்கு விட்டுட்டுப் போனதாலதான் இப்படி ஆச்சு, இது உங்க பொறுப்பு" என்றார். அது என் பொறுப்பு என்று அவர் வாயால் கேட்டது இதுதான் முதல் தடவை. நாளைக்கு வேலைக்குப் போகிறேன். மற்றவளுகளுக்காவது விரல் மிஞ்ச வேண்டுமே.