நரம்புச் சாமியும் ஒரு துண்டு பிளாஸ்டரும்

கீழக்குயில்குடிக் கண்மாய்க் கரையில் ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறுத்த இடம் கிடையாது. எல்லார் கையிலும் தூண்டில், எல்லார் முகத்திலும் பக்தி. மீனைப் பார்க்க வந்த கூட்டம் இல்லை அது. நரம்புச் சாமியைப் பார்க்க வந்த கூட்டம்.

போன வருடம் வரை அவர் வெறும் முத்திருளன், தூண்டில் சாமான் கடைக்காரர். இப்போது அதே கடையில் காவி கட்டி உட்கார்ந்து, தூண்டிலில் கட்டும் அதே பின்னல் நரம்பை ராசி பார்த்துக் கொடுக்கிறார். மிதுனத்துக்கு நாலு புரி, பச்சை. சிம்மத்துக்கு எட்டுப் புரி, மஞ்சள். என்ன மீனுக்கு, நரம்பைச் சுற்றி வைக்கும் ரீல் ஸ்பின்னிங்கா காஸ்டிங்கா என்று யாரையும் கேட்பதில்லை. விராலுக்கு ஜாதகம் இல்லாதது அவருடைய நல்ல காலம்.

வாங்கிப் போனவர்கள் மறுவாரமே அலறிக்கொண்டு வருவார்கள். மீன் மாட்டியதும் சுற்றினால் ரீலின் கைப்பிடி சுற்றும், நரம்பு மட்டும் உள்ளே வராது; ரீலின் உருளை மேல் மொத்தமாக வழுக்கிக்கொண்டு கிடக்கும். "தோஷம்" என்பார் சாமி. ரீலைத் திரைக்குப் பின்னால் கொண்டு போவார். மணி அடிக்கும், சாம்பிராணிப் புகை வரும். திரும்பி வரும் ரீலில் நரம்பு கெட்டியாக நிற்கும். சனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

இதோடு நின்றிருந்தால் ஜோசபின் வாயைத் திறந்திருக்க மாட்டாள். கே.கே. நகர் கிளினிக்கில் நர்ஸ் வேலை பார்க்கும் அவளுக்கு வாரம் முழுவதற்கும் இருந்த ஒரே சந்தோஷம் இந்தத் தூண்டில்தான். கணவன் இம்மானுவேலுக்குத் தூண்டில் எறியக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். அவன் ரீலும் வழுக்கியபோது, "ரீலப் பொம்பள தொட்டிருக்கா, அதான் தோஷம்" என்று சாமி ஒரு வார்த்தை சொன்னார். பள்ளிக்கூட வாத்தியாரான இம்மானுவேல் அன்றைக்கே அவளுடைய தூண்டிலைப் பரண் மேல் போட்டான். சர்ச் பூசையில் வேத வாசகம் வாசித்த கையோடு நேரே இங்கே வந்து கைகட்டி நிற்கிறான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த ஞாயிறு அவளும் வந்தாள், இம்மானுவேலின் தோஷம் பிடித்த ரீலோடு.

"சாமி, திரை வேணாம். இங்கனயே ஓதுங்க. நரம்பக் கழட்டாம ஓதுங்க."

சாமி ஓதினார். இம்மானுவேல் நரம்பின் நுனியைப் பிடித்து இழுத்தான். வழுக்கியது.

"பொம்பள நிழல் விழுதுல்ல" என்றார் சாமி.

"சரி, அங்கிட்டுப் போறேன்." ஆலமரம் வரை போய் நின்றாள். சாமி மறுபடி ஓதினார். மறுபடி வழுக்கியது. கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.

ஜோசபின் திரும்பி வந்தாள். ஜவுளிக்கடை முஜிபுர் ரஹ்மானின் ரீலுக்குச் சற்றுமுன்தான் தோஷம் கழிந்திருந்தது. "அண்ணே, அதைக் கடைசி வரைக்கும் உருவிப் பாப்போமா?"

"உருவாதீக, சக்தி போயிரும்" என்று சாமி பதறி எழுந்தார். அதற்குள் ரஹ்மான் உருவத் தொடங்கிவிட்டார். மஞ்சள் நரம்பு மண்ணில் குவிந்தது. உருளை தெரிந்தது. அதன் மேல் ஒட்டியிருந்தது ஒரு துண்டு பிளாஸ்டர், காயத்துக்குப் போடுவது.

"வழவழன்னு இருக்க உருளையில பின்னல் நரம்ப நேராக் கட்டுனா வழுக்கத்தான் செய்யும். அடியில இது இருந்தாப் பிடிச்சுக்கும். அம்புட்டுத்தான்." ஜோசபின் இம்மானுவேலின் ரீலையும் உருவி, கைப்பையிலிருந்து பிளாஸ்டர் எடுத்து ஒட்டி, நரம்பைச் சுற்றினாள். மந்திரம் சொல்லவில்லை. பெண் தொட்டால் தோஷம் என்று தன் கையைக் கழற்றி வைக்கவும் இல்லை. இம்மானுவேல் பலங்கொண்ட மட்டும் இழுத்தான். நரம்பு அசையவில்லை. அவனால் தலை நிமிர முடியவில்லை.

"எம் மக ஷாஹீதாவ இந்தக் கரைப் பக்கமே விடலையேடா" என்று ரஹ்மான் காவியைப் பிடித்தார். காவி அவர் கையில் நின்றது. முத்திருளன் அரைக்கால் சட்டையோடு கண்மாய்க்குள் ஓடினார்.

"பரண்லருந்து ஒன் தூண்டில எறக்கிட்டு வாரேன்" என்றான் இம்மானுவேல்.

"போயிட்டு வாங்க. அதுவரைக்கும் ஒங்களது ஏங்கிட்ட இருக்கட்டும்."

அவள் தூண்டிலை எறியப் போகையில் ஒருவர் கை கூப்பிக்கொண்டு பக்கத்தில் வந்தார். "யக்கா, அந்தப் பிளாஸ்டர எந்தக் கிழமையில வாங்குனீக?"

ஜோசபின் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "எந்தக் கிழமைன்னாலும் வாங்குங்கண்ணே. எவனாச்சும் திரை போட்டா மட்டும், தூக்கிப் பாத்துட்டுக் கும்பிடுங்க."