ஒரு குடத்தின் அதிகபட்ச விலை

"ஒரு குடம் தண்ணிக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பீங்கம்மா?"

நீர்த்தேவை நிர்வாக வாரியத்தின் நிபுணர் சலவை அக்காவிடம் கேட்ட இந்தக் கேள்வி, நாட்டின் வறட்சி வரலாற்றில் பொன்னெழுத்துகளில் பொறிக்கத் தக்கது. அதுவரை இருந்த அரசுகள் மழையை நம்பி ஏமாந்தவை. விலை வைத்தால் தாகம் தானே வாலைச் சுருட்டிக்கொள்ளும் என்று கண்டுபிடிக்க ஒரு நிபுணர் பிறக்க வேண்டியிருந்தது. அக்காவிடம் வாரம் ஐந்து வெள்ளைச் சட்டை வெளுக்கப் போடும் வாடிக்கையாளர் வேறு அவர்.

குடம் மூன்று ரூபாயைத் தாண்டினால் தொழில் படுத்துவிடும். அக்கா அதைத்தான் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மதில்மேல் பக்கத்து வீட்டு நாத்தனாரின் தலை முளைத்தது.

"நான் பத்துன்னு சொல்லிட்டேன் அண்ணி. உங்க நிலைமை வேற, யோசிச்சுச் சொல்லுங்க."

"என் நிலைமைக்கு என்னடி கேடு? பதினஞ்சுன்னு எழுதிக்கங்க சார்!"

இப்படியே வீட்டுக்கு வீடு ஏறி, கடைசி வீட்டில் குடம் முப்பதைத் தொட்டது. நிபுணர் பூரித்துப்போனார். வாரியம் கூடியது. ஆளுக்கொரு பாட்டில் தண்ணீரைத் திறந்து பாதி குடித்து மீதியை மறந்துவிட்டு, "மக்களே விரும்பிக் கேட்ட விலை" இருபது என ஒருமனதாக நிறைவேற்றியது.

திட்டம் மகத்தான வெற்றி. தெருவில் "தேவை" மளமளவென்று சரிந்தது. பிள்ளைகள் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். தலைக்குக் குளிக்காத நாத்தனார் மதில்பக்கமே வரவில்லை. அக்காவின் சலவைத் தொட்டியில் பூனை குட்டி போட்டது.

ஒருநாள் நிபுணர் துணிமூட்டையுடன் வந்தார்.

"தேவையைப் பாதியாக் குறைச்சதுக்கு எனக்கு விருதும்மா! சட்டையெல்லாம் பளிச்சுன்னு இருக்கணும்."

அக்கா மூட்டைக்குக் கை நீட்டவில்லை.

"ஒரு வெள்ளைச் சட்டைக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பீங்க சார்?"

"எப்பவும் கொடுக்கறதுதானே?"

"அது பழைய தண்ணி விலைக்கு சார். பக்கத்துத் தெரு டாக்டர் நூறுன்னு சொல்லிட்டார். உங்க நிலைமை வேற, யோசிச்சுச் சொல்லுங்க."

மதில்மேல் நாத்தனாரின் தலை மெல்ல எழுந்தது.

நிபுணர் தம் காலரைத் தடவிப் பார்த்தார். விரல் கறுத்தது.

அக்கணமே நாட்டின் சலவைத் தேவையில் ஐந்து சட்டை குறைந்தது. அழுக்கு மட்டும் அப்படியே இருந்தது. அதை மூட்டையோடு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நிபுணர் படியிறங்கிப் போனார்.