சீல் பிரியாத பெட்டிகள்

மகளுக்குப் பல்கலைக்கழக விடுதியில் அறை கிடைத்துவிட்டது என்றதும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மகளின் அறைக்குள் போனார்.

அந்த அறை இனி தன்னுடையது என்று அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டார். அவர் ஒரு கிடங்கில் சரக்கு மேற்பார்வையாளர். யாரையும் நம்பாத குணத்துக்காகக் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் சந்தேகசாமி. அதை முதலில் வைத்தது யார் என்பதில் அவருக்கு நாலைந்து பேர்மேல் சந்தேகம் இருந்தது. அவர் ஆசையாகச் சேர்த்த சொத்து ஒன்றுண்டு: பாடாத ரேடியோக்கள், சுற்றாத மின்விசிறிகள், ஓடாத கடிகாரங்கள். என்றைக்காவது ரிப்பேர் செய்வார். அதுவரை அவை கட்டிலுக்கடியிலும் பரண்மேலும் குளியலறைக் கதவுக்குப் பின்னாலும் குடியிருந்தன. மனிதர்கள்தான் பக்கவாட்டில் நடந்தார்கள்.

மனைவிக்கும் அந்த அறைமேல் ஒரு கண் இருக்கவேண்டும். அவள் பள்ளிச் சீருடை தைப்பவள். இடமில்லாமல் தையல் மெஷின் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றது. வெள்ளைச் சட்டையில் வெங்காய வாசனை வருகிறது என்று புகார்கூட வந்ததுண்டு. ஆனாலும் அறையைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. அதுதான் சந்தேகசாமியைத் தூங்கவிடவில்லை.

"பொண்ணு போனப்புறம் அந்த ரூமை என்ன பண்றதா உத்தேசம்?"

"என்ன பண்ண? லீவுக்கு வந்தா அவ படுக்க வேண்டாமா? பாதி சாமான் இங்கேயே கிடக்கட்டும்."

அவருக்குப் புரிந்துவிட்டது. சாமானைக் காட்டி அறையைப் பிடித்து வைப்பாள். அப்புறம் மெஷின் மெல்ல மெல்ல உள்ளே நகரும்.

"ஒரு குண்டூசிகூட இங்க தங்கக் கூடாது. ரெண்டு பேரும் எல்லாத்தையும் பெட்டியில போட்டு எடுத்துட்டு வாங்க. நான் சீல் வைக்கிறேன்."

"வீட்டுச் சாமானுக்கா சீல்?"

"நான் அசந்த நேரம் பார்த்து நீ உருவிட்டா?"

"உங்க இஷ்டம்," என்றாள். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறவள் அல்லவே என்று அவருக்கு உறுத்தியது.

புறப்படும் நாள் காலையில் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தாயும் மகளும் உள்ளேயிருந்து பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து வைத்தார்கள். கிடங்கில் அவருடைய வேதம் ஒன்றுதான்: சீல் சரியாக இருந்தால் சரக்கு சரி. டேப் ஒட்டினார். டேப்பும் அட்டையும் சேரும் இடத்தில் கையெழுத்துப் போட்டார். கள்ளத்தனத்தைக் கண்டுபிடிக்க டேப்புக்கடியில் தன் தலைமுடி ஒன்றையும் ஒட்டினார். தலையில் இருப்பு குறைவு, ஆகவே அது பெரிய தியாகம். ஒட்டிய பெட்டிகளை விட்டு இப்படி அப்படி நகரவில்லை, காவல் காத்தார்.

ஒவ்வொரு பெட்டியும் பிணக்கனம் கனத்தது. கனக்கக் கனக்க அவருக்கு மனசு லேசானது. ஒரு பெட்டி மட்டும் 'டிங்' என்றது.

"உள்ள என்ன?"

"பாத்திரம்."

"மணி அடிச்ச மாதிரி இருந்துதே."

"சந்தேகமா இருந்தா பிரிச்சுப் பாருங்க."

பிரிக்கச் சொல்கிறாள். பிரித்தால் சீல் போச்சு, அந்தச் சாக்கில் பாதி சாமானை உருவிவிடுவாள். இந்தப் பருப்பு அவரிடம் வேகாது. பிரிக்காமலேயே காரில் ஏற்றினார். மகளின் துணிமணி இரண்டு சூட்கேசில் தனியாக இருந்தது. காரில் இடமில்லை, நான் வரவில்லை என்று மனைவி வாசலிலேயே நின்றுகொண்டாள். மகளைக் கட்டிக்கொண்டு அழுதது மட்டும் நிஜம்.

விடுதி அறை தீப்பெட்டிக்குத் தம்பி. ஒரு கட்டில், ஒரு மேஜை, கையை நீட்டினால் எதிர்ச்சுவர். விடுதிக் காப்பாளர் அம்மாள் பெட்டிகளைப் பார்த்தாள்.

"ரூமுக்கு ரெண்டு சூட்கேஸ்தாங்க. மத்தது வேண்டாம்னா கேட்டுக்குப் பக்கத்துல கொட்டகை இருக்கு, அங்க வெச்சுடுங்க. தேவைப்படற பசங்க எடுத்துப்பாங்க. இல்லேன்னா திருப்பிக் கொண்டுபோங்க."

"கொண்டுபோயிடுங்கப்பா," என்றாள் மகள் அவசரமாக. "அம்மா அப்படியே என் ரூம்ல அடுக்கிடுவாங்க."

சந்தேகசாமியின் காது விடைத்தது. ஆக, இதுதான் சதி. பெட்டி திரும்பினால் அறை போச்சு.

"படிக்கிற பசங்க, பாவம், அனுபவிக்கட்டும். உனக்கு அப்பா புதுசா வாங்கித் தரேன்," என்று கொட்டகையில் அத்தனையையும் இறக்கினார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அழுகிறாள் என்று நினைத்துத் தட்டிக்கொடுத்தார்.

காரைக் கிளப்பும்போது கண்ணாடியில் ஒரு மாணவி ரேடியோ ஒன்றைத் தூக்கிப் பார்ப்பது தெரிந்தது. நம்ம வீட்டு ரேடியோ மாதிரியே இருக்கிறதே, நல்ல கம்பெனிதான் என்று நினைத்துக்கொண்டார். பிறந்ததிலிருந்து அவர் சந்தேகப்படாமல் விட்ட ஒரே விஷயம் அது.

வீட்டுக்குள் நேராக நடக்க முடிந்தபோதே அவருக்குத் திக்கென்றது. கட்டிலுக்கடியில் தரை பளபளத்தது. பரண் காலி. மகளின் அறையிலிருந்து மெஷின் ஓடும் சத்தம் வந்தது.

"என் ரேடியோ எங்க? கடிகாரமெல்லாம் எங்க?"

"நீங்கதானே கொண்டுபோனீங்க. கையெழுத்துகூடப் போட்டீங்களே."

"அப்ப பொண்ணு சாமான்?"

"சூட்கேஸ்ல போச்சு. ரெண்டுக்கு மேல விடமாட்டாங்கன்னு அவ அப்பவே சொன்னா."

"திருப்பிக் கொண்டுபோகச் சொன்னாளே?"

"நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். கொண்டுபோக வேண்டாம்னு அவ சொல்லியிருந்தா கொண்டுவந்திருப்பீங்க."

மானமாவது மிஞ்சட்டும் என்று அவர் குரலை உயர்த்தினார்.

"இந்த ரூம் என் சாமான் வைக்கறதுக்கு. மரியாதையா மெஷினை வெளியே எடு."

அவள் ஊசியில் நூலைக் கோத்தாள்.

"எடுத்துடறேங்க. முதல்ல சாமானைக் கொண்டுவாங்க."