ஏர்த் அண்ணை வாய் திறக்காத சனிக்கிழமை

ஜேர்மனியில் பழுதாகிக் கிடக்கும் பொருட்கள் அத்தனைக்கும், மனம் பழுதாகிக் கிடக்கும் மனிதர்கள் அத்தனை பேருக்கும் ஒரே ஒரு காரணம்தான் உண்டு என்று நம்புகிற ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அந்தக் காரணம் ஏர்த். ஆகவே அவர் ஏர்த் அண்ணை.

ஏர்த் என்றால் பெரிய சங்கதி ஒன்றுமில்லை. பற்றறியிலிருந்து புறப்பட்டுப் போய் லைற்றை எரிக்கும் மின்சாரம் மறுபடி பற்றறிக்குத் திரும்ப ஒரு வழி வேண்டும். வாகனங்களில் அந்த வழி பெரும்பாலும் வாகனத்தின் இரும்பு உடம்புதான். ஒரு தடித்த கறுப்பு வயர் அந்த இரும்பையும் பற்றறியையும் இணைத்திருக்கும். அந்த இணைப்பைத்தான் அண்ணை ஏர்த் என்பார். அது கெட்டால் எல்லாம் கெடும். இதுவரை அவர் சொல்வது சரி. ஆனால் அண்ணை இதுவரையோடு நிற்பவர் அல்ல.

என் அப்பாவுக்கு முழங்கால் வலித்தபோது, சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடக்கச் சொன்னார். உடம்புக்கு ஏர்த் கிடைக்கவில்லையாம். அம்மா சுட்ட கேக் நடுவில் குழிந்துபோனபோது அடுப்புக்குப் பின்னால் படுத்துக்கொண்டு ஏர்த் தேடினார். பக்கத்துக் கட்டடத்தில் ஒரு கலியாணப் பேச்சுக் குழம்பியது. ஊரே காரணம் தேடிக்கொண்டிருக்க, அண்ணை தேநீரை உறிஞ்சியபடி தீர்ப்புச் சொன்னார்:

"ரெண்டு பக்கத்தாலயும் கறண்ட் நல்லாத்தான் வந்தது. ஏர்த் இல்லை."

தேவாலயத்தில் ஒருநாள் பிரசங்கத்தின் நடுவில் மைக் நின்றுவிட்டது. அண்ணை மூன்றாம் வரிசையிலிருந்து எழுந்து, பீடத்துக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, மேடையின் கம்பளத்தைச் சுருட்டத் தொடங்கினார். மைக்குக்குள் பற்றறி தீர்ந்திருந்தது என்பதைப் பிறகு பீடச் சிறுமி ஒருத்தி கண்டுபிடித்தாள். ஜேர்மன் பாதிரியார் அன்றிலிருந்து அவரை மரியாதையாக "ஹெர் ஏர்த்" என்றே அழைக்கிறார். என் அப்பாவும் அவரை அண்ணை என்பார், நானும் அண்ணை என்பேன். பட்டப்பெயரோடு ஒட்டிக்கொண்ட அண்ணையை மாமா என்று மாற்ற எங்களில் எவராலும் முடியவில்லை. அவருடைய சொந்தப் பெயரைத் தபால்காரர் மட்டும் அறிவார்.

இத்தனைக்கும் அவர் சொன்னது ஒருதரமும் சரிவந்ததில்லை. எங்கள் உடுப்புத் தோய்க்கும் மெஷின் நின்றபோது அரைநாள் ஏர்த் பார்த்தார். கடைசியில் பார்த்தால் வயர் முனையிலிருக்கும் ஸ்ரெக்கரே சுவரில் குத்தப்பட்டிருக்கவில்லை. ஆனாலும் எது பழுதானாலும் எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவோம். வேறு யாராவது வந்து திருத்தி முடிக்கும்வரை அவர் எழுந்து போகமாட்டார். அந்தத் துணைக்கு ஒரு விலை இல்லை.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டு வெளியே வந்த முதல் ஆள் நான். அப்பா மன்னாரில் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிய கையோடு மீன்பிடிக்க வள்ளத்தில் ஏறியவர். அம்மாவின் பள்ளிக்கூடம் அவர் படித்து முடிப்பதற்குள் சண்டையில் அகதி முகாமாகிவிட்டது. நான் இங்கே அபிடூர் என்கிற கடைசிப் பள்ளிப் பரீட்சையில் சித்தியடைந்து, மின்பொறியியல் படிக்கப் போனேன். முதல் வகுப்புக்குப் போய்வந்த அன்றே அப்பா என்னை எல்லோருக்கும் "எங்கட எஞ்சினியர்" என்று அறிமுகப்படுத்தத் தொடங்கினார். நான் மறுக்கவில்லை. ஏன் மறுக்கவேண்டும்? மற்றப் பெண்கள் கைப்பையில் உதட்டுச்சாயம் வைக்கும் இடத்தில் நான் வோல்ட்மீற்றர் வைத்திருந்தேன். அதன் முதுகில் என் பெயரைக் கீறியும் வைத்திருந்தேன்.

இனி வோன்வாகனுக்கு வருவோம். காருக்குப் பின்னால் இழுத்துப்போகிற சின்ன வீடு. கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி எல்லாம் அதற்குள் இருக்கும். ஜேர்மன்காரர் கோடையில் இதை இழுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கும் கடற்கரைக்கும் போவார்கள். அண்ணையும் ஒன்று வாங்கினார். என்னைவிட வயது கூடியது. வெள்ளை நிறம் என்று பத்திரத்தில் எழுதியிருந்தது. பார்வைக்கு நாள்பட்ட மோர் நிறம்.

முதல் பயணத்தில் ராணி அக்கா, அதுதான் அண்ணையின் மனைவி, ஒரே நேரத்தில் சோற்றுப் பானையையும் கேத்திலையும் இடியப்பத்துக்கு நீராவி விடுகிற மெஷினையும் போட்டார். கம்பிங் இடத்தில் ஆளுக்கு இவ்வளவுதான் என்று கரண்ட் அளந்து தருவார்கள். எங்களுக்குக் கரண்ட் தந்த தூணோடு அந்த வரிசை முழுக்க அணைந்தது. கோப்பி கிடைக்காத ஜேர்மன்காரர் ஒவ்வொருவராக வெளியே வர, அண்ணை கூடாரம் கூடாரமாகப் போய், "ஏர்டுங், ஏர்டுங்" என்று அவர்கள் மொழியிலேயே ஆறுதல் சொன்னார். அடுத்த பயணத்தில் போய்ச் சேர்ந்தவுடனேயே இருட்டு. அலமாரிக்குள் இருக்கும் குட்டி லைற் பனிக்காலம் முழுக்க எரிந்து பற்றறியைக் குடித்து முடித்திருந்தது. அண்ணை சொன்ன காரணம் உங்களுக்கே தெரியும். அதற்கடுத்த பயணத்தில் குளிர்பெட்டி இரவோடிரவாக நின்று, அக்கா ஆசையாகக் கொண்டுபோன கணவாய் முழுவதும் மணக்கத் தொடங்கியது.

கணவாயோடு அக்காவின் பொறுமையும் போயிற்று. அடுத்த கோடைக்கு முன்பே இணையத்தில் விளம்பரம் போட்டார். நாங்கள் போகும் ஏரிக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வாங்க ஆசைப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

"இந்தமுறை ஒருக்கா இருண்டாலும் சாவி அந்த மனுசன்ர கையில. இருளாட்டில் வைச்சிருப்பம்," என்றார் அக்கா.

அண்ணை தலையை மட்டும் ஆட்டினார். அவருக்கு அந்த மோர்நிற வீட்டில் எவ்வளவு உயிர் என்று தெருவுக்கே தெரியும். பேக்கரித் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்தால், மாடியேறி வீட்டுக்குப் போகுமுன் வாகனத் தரிப்பிடத்துக்குப் போய் அதன் கதவை ஒருக்கால் திறந்து மூடிவிட்டுத்தான் போவார்.

அந்தப் பயணத்துக்கு அப்பாவும் நானும் கூடாரத்தோடு கூடவே போனோம். வெள்ளிக்கிழமை ஒரு குறையும் இல்லை. சனிக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து அக்கா கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். பற்றறியில் ஓடும் பம்பின் தண்ணீர் குழாயில் மெலிந்து நூலாகியது. தலைக்கு மேலிருந்த லைற் மஞ்சளாகி, சிவப்பாகி, கண்ணை மூடியது.

அக்கா கையைத் துடைத்தார். "சரி. நாளைக்குச் சாவியைக் குடுக்கிறன். ஆனா பிழையோட விக்க ஏலாது, பாவம். பிள்ளை, உன்ர மீற்றரை எடு."

நாங்கள் மூவரும் அண்ணையின் பக்கம் திரும்பினோம், அந்தச் சொல்லுக்காக. அவர் தொண்டையைச் செருமினார்.

"பற்றறியாத்தான் இருக்கும்."

ஏரியில் வாத்துக்கள் கத்துவது கேட்டது. அப்பா மெதுவாகக் கேட்டார்: "அண்ணை, உங்களுக்குச் சுகமில்லையோ?"

நான் பற்றறியை அளந்தேன். முழுசாக நிறைந்திருந்தது. அப்படியென்றால் பியூஸ் என்றார் அண்ணை. எல்லாப் பியூஸையும் கழற்றிப் பார்த்தேன், ஒன்றும் எரிந்திருக்கவில்லை. சார்ஜர் என்றார். அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. லைற் கம்பனியின் பிழை என்றார். ஏரிக்காற்றின் ஈரம் என்றார். பியூஸ்களை இன்னொருக்கால் பார்க்கச் சொன்னார். கடைசியில், சனிக்கிழமைகளில் ஜேர்மன் கறண்டே கொஞ்சம் மெலிவு என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லவில்லை.

எனக்கோ உள்ளுக்குள் கொண்டாட்டம். புத்தகத்தில் படித்தது முதல்முறையாக என் கையில் உயிரோடு துடித்தது! தண்ணீர்ப் பம்பையும் லைற்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டு அளந்தேன். பற்றறியில் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேலே நின்றது. லைற்றடியில் ஏழுதான் வந்தது. போகிற வழியில் யாரோ மிச்சத்தைத் தின்கிறார்கள். பற்றறியிலிருந்து லைற் வரைக்கும் ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டு போனேன். எல்லாம் சுத்தம். அப்படியென்றால் திரும்பி வருகிற வழிதான். நான் வாயைத் திறக்க, அதே நேரத்தில் மடக்குக் கதிரையில் இருந்து போஞ்சிக்காய் வெட்டிக்கொண்டிருந்த அக்காவின் கத்தி நின்றது.

"பொறு பிள்ளை," என்றார். "முழங்கால் நோவுக்கும் ஏர்த் எண்டு சொன்ன மனுசன் இது. இண்டைக்கு அந்தச் சொல்லு வாயில வரேல்லை எண்டால், உந்த ஏர்த்தைத்தான் ஏதோ செய்து வைச்சிருக்கு. அடியில பூந்து பார்."

மீற்றர் இல்லாமல், எழும்பாமல், போஞ்சிக்காய் வெட்டியபடியே பிழையைக் கண்டுபிடித்தார். இதை முதலில் கண்டுபிடித்தது நானா அக்காவா என்று எங்களுக்குள் இன்றைக்கும் வழக்கு நடக்கிறது. நான் தோற்பதாக இல்லை.

நான் வோன்வாகனின் அடியில் முதுகால் ஊர்ந்து போனேன். துருவும் சேறும் இருக்கும் என்று கண்ணை இடுக்கிக்கொண்டு போனவள், கண்ணை அகலத் திறந்தேன். தலைக்கு மேலே நீலம். சட்டங்கள், அச்சு, போல்ற், போல்ற்றின் தலை, எல்லாம் ஒரு பொட்டு இடம் விடாமல் நீலம். தேவாலயத்தில் மாதா சுரூபத்தின் சேலைக்கு இருக்கிற அதே நீலம். கறுப்பு ஏர்த் வயரின் முனையைக் கழற்றி, அது தொடவேண்டிய இரும்பிலும் தடிப்பாகப் பூசி, பூச்சுக்கு மேலேயே வயரைத் திரும்ப முடுக்கியிருந்தது. பெயின்ற்றுக்குள்ளால் கரண்ட் எப்படி வீடு திரும்பும்?

"அண்ணை, இதென்ன நீலம்?" என்று அடியிலிருந்தே கேட்டேன்.

என் கண்ணுக்கு அவருடைய இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. ஒன்று மற்றதைத் தேய்த்துக்கொண்டு நின்றது.

"ஆர் உங்களை அடியில பெயின்ற் அடிக்கச் சொன்னது?" அக்காவின் குரல்.

"நீர்தானே சொன்னனீர். சுத்திவர எல்லாற்றையும் மினுங்குது, எங்கட மட்டும் அடியெல்லாம் துரு, வெக்கமாக் கிடக்கு எண்டு."

"அது எப்பவோ சொன்னது."

"நான் எப்பவோ கேட்டது." பாதங்கள் இடம் மாறின. "தண்ணி மெலியேக்கையே எனக்கு விளங்கிட்டுது. சொன்னால் எல்லாரும் சிரிப்பியள்."

அந்த வசந்தகாலம் முழுவதும் வேலை முடிந்து வந்த அண்ணை, தரிப்பிடத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு இதைத்தான் செய்திருக்கிறார். அதுவும் ஒரு மனிதரும் குனிந்து பார்க்காத இடத்தில்.

சிரிக்க வாய் எடுத்த அப்பா வாயை மூடிக்கொண்டார். அக்கா எழுந்து உள்ளே போனார். மீன் செதில் சுரண்டுகிற தன் கத்தியோடு திரும்பி வந்தார். அந்தக் கத்தியை அவர் தன் தங்கைக்குக்கூடத் தொடக் கொடுப்பதில்லை. குனிந்து என்னிடம் நீட்டினார்.

"போல்ற்றடியில மட்டும் சுரண்டு, பிள்ளை. மிச்சத்தில கை வைக்காதை."

பற்றறியைக் கழற்றி வைத்துவிட்டு, இரும்பு வெள்ளையாகப் பளிச்சிடும்வரை சுரண்டினேன். வயர் முனையையும் சுரண்டி, முடுக்கி, துருப்பிடிக்காமல் மேலே கிரீஸ் பூசினேன். மூக்கில் நீலத்தோடு வெளியே வந்து பற்றறியைப் பூட்டினேன். லைற் எரிந்தது! தண்ணீர் கோப்பையில் மோதித் தெறித்தது, குளிர்பெட்டி உறுமியது, நான் புல்லில் நின்று துள்ளினேன். அண்ணை ஒளிரும் லைற்றை அண்ணாந்து பார்த்தார். நெஞ்சு முன்னால் வந்தது.

"பாத்தியளே. ஏர்த்."

"நீங்கள் சொல்லவே இல்லையே அண்ணை," என்றார் அப்பா.

"சொல்லாட்டில் என்ன? நினைச்சனான்."

வாழ்நாளில் ஒருதரம் உண்மையிலேயே ஏர்த்தில் பிழை வந்தது. அந்த ஒருதரம் அவர் அதைச் சொல்லவில்லை. ஆனாலும் லைற் எரிந்ததால் மட்டும் ஒன்றும் மாறிவிடாது. இருண்டால் விற்பது என்பது அக்காவின் சொல், வோன்வாகன் இருண்டது. அக்கா சொன்ன சொல்லை மாற்றி எங்கள் தெரு பார்த்ததில்லை. அண்ணை அன்று மாலை முழுக்க லைற்றைப் போட்டு அணைத்து, போட்டு அணைத்து, விடைபெற்றுக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த மனிதர் வந்தார். நரைத்த மீசை, நல்ல சிரிப்பு. சுவரைத் தட்டிப் பார்த்தார், குழாயைத் திறந்தார், எல்லா லைற்றையும் போட்டார். ஒவ்வொன்றும் எரிய எரிய அண்ணையின் முகம் இருண்டது. மனிதர் முழங்காலில் குனிந்து அடிப்பக்கத்தையும் எட்டிப் பார்த்தார். அந்த நீலத்தைப் பார்த்ததும் சீட்டியடித்தார். இவ்வளவு கவனமாகப் பராமரித்த வோன்வாகனைத் தான் கண்டதில்லை, இப்போதே எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

அக்காவின் கையில் சாவி இருந்தது. அதை ஒருமுறை உருட்டினார். பிறகு, தேவாலயத்தில் வாசகம் வாசிக்கிற அதே நிதானமான ஜேர்மனில் சொன்னார்: மன்னிக்கவேண்டும், இதை உங்களுக்குத் தர என் மனச்சாட்சி இடம் தராது, இதன் ஏர்டுங் சரியில்லை, நீண்டகாலப் பிழை, யாராலும் திருத்த முடியவில்லை.

அண்ணை திடுக்கிட்டுப் போனார். "இஞ்ச, ஏர்த்துக்கு இப்ப ஒரு குறையும்..."

அக்காவின் குதிக்கால் அவருடைய பாதத்தின் மேல் இறங்கியது. அண்ணை வாயை மூடினார். அந்த வாரத்தில் இது இரண்டாம் தடவை.

மனிதர் கவலையோடு தலையசைத்து, ஏர்டுங் என்றால் பெரிய தலையிடிதான் என்று ஒத்துக்கொண்டு போய்விட்டார். அக்கா சாவியைக் கைப்பைக்குள் போட்டு, பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம் சொல்ல இன்னொரு பொய் சேர்ந்துவிட்டது என்று முணுமுணுத்தபடி தேநீர் ஊற்றப் போனார்.

நான் இப்போது கொலோனில் வேலை செய்கிறேன். என் பெயருக்குக் கீழே எஞ்சினியர் என்று கதவில் எழுதியிருக்கிறது. அப்பா வந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். எல்லாம் ஒழுங்காக ஓடுகிற நாட்களில்தான் நான் ஏர்த் அண்ணைக்கு ரெலிபோன் எடுப்பேன். என்ன பிள்ளை, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு என்று கேட்பார். ஒன்றுமில்லை என்பேன். மறுமுனையில் யோசிப்பது கேட்கும். அந்த ஒரு சொல் வரும்வரை ரெலிபோனை வைக்க எனக்கு மனம் வராது.